இடது கால் தேர்ந்தெடுத்த டர்போ

மார்ச் 2, டென்வர்

மியாட்டாவுக்கு டர்போ போடுவது என்று முடிவாகிவிட்டது. எது, எவ்வளவு பெரியது என்பதுதான் இனிப் பேச்சு.

வண்டி 1999 மாஸ்டா. 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், ஐந்து கியர், துணிக்கூரை. கம்பெனி சொல்லும் கணக்கு 140 குதிரைத்திறன், 161 நியூட்டன் மீட்டர் டார்க். அது கடல்மட்டத்துக் கணக்கு. டென்வர் ஒரு மைல் உயரத்தில், அதாவது சுமார் 1,600 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. கடல்மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ இருக்கும் காற்றழுத்தம் இங்கே 12.1தான். உள்ளே போகும் காற்று குறைந்தால் எரிக்க முடிந்த பெட்ரோலும் குறைகிறது. 140 குதிரைகளில் இருபத்தைந்து ஊர் எல்லையிலேயே இறங்கிக்கொள்கின்றன. ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே மலை ஏறினால் இன்னும் மோசம். ஐசனோவர் சுரங்கப்பாதை 3,400 மீட்டர் உயரம். அங்கே கடல்மட்டக் காற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் மிச்சம். பனிச்சறுக்குப் பலகைகளைத் தலையில் கட்டிக்கொண்டு போகும் குடும்ப வேன்கள்கூடப் பின்னால் வந்து விளக்கடிக்கின்றன.

ஆனால் இது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டியல்ல. இதில்தான் ஆபீஸ் போகிறேன். வாரத்தில் பாதி நாள் மனைவி எடுத்துப்போகிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐ-25இல் முதல் கியர், நியூட்ரல், முதல் கியர் என்று ஊர்ந்தாக வேண்டும். பந்தய மைதானத்து ஆட்கள் சொல்லும் யோசனையில் பாதி இதனாலேயே எனக்கு உதவாது.

மார்ச் 5

டர்போ பட்டியல்களைப் பார்க்க ஆரம்பித்தால் கண் பெரிய எண்ணைத்தான் தேடுகிறது. கேரட் கம்பெனியின் பெயரிடும் முறை நேரடியானது. ஜிடி2560ஆர் என்றால் 25 சட்டக அளவு, 60 என்பது காற்றை அழுத்தும் சக்கரத்தின் விட்டம் மில்லிமீட்டரில், ஆர் என்றால் பால் பேரிங். ஜிடி3071ஆர் என்றால் அந்தச் சக்கரம் 71 மில்லிமீட்டர். பெரிய சக்கரம் மேல் சுற்றுகளில் நிறையக் காற்றைத் தள்ளும். ஆனால் அதைச் சுழற்றிவிட இன்ஜின் கக்கும் புகையும் நிறைய வேண்டும். 1.8 லிட்டர் இன்ஜின் அவ்வளவு புகையை 4,000 சுற்றுக்கு மேல் போனால்தான் தரும்.

இன்று நெடுஞ்சாலையில் மீட்டரைக் கவனித்தேன். ஐந்தாம் கியரில் 70 மைல் வேகத்தில் முள் 3,600 சுற்றில் நிற்கிறது. 2560 கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் முழு அழுத்தத்துக்கு வரும். அதாவது லாரியைத் தாண்ட கியர் இறக்கத் தேவையில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் போதும். 3071 போட்டால் ஒவ்வொரு முறையும் மூன்றாம் கியருக்கு இறக்கிக் காத்திருக்க வேண்டும். தினசரி வண்டிக்கு இதைவிடப் பெரிய வாதம் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 9

நண்பர் ஒருவரிடம் இதே மாடல், டர்போ போட்டது. ‘ஓட்டிப் பாருங்கள்’ என்று சாவியைக் கொடுத்தார். வெறிச்சோடிய சாலையில் அபாரம். திரும்பும் வழியில் ஒரு பள்ளிக்கூடம் விடும் நேரம். அங்கேதான் அந்த வண்டியின் சுயரூபம் தெரிந்தது. வட்ட லைனிங்குக்குப் பதிலாக ஆறு செராமிக் துண்டுகள் பதித்த கிளட்ச் பிளேட். பெடலை விடும்போது நடுவில் வழுக்கல் என்பதே கிடையாது. பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை, பிடித்துவிட்டது; வண்டி ஆடு முட்டுவதுபோல் ஒரு முட்டு. பெடலும் பாறை.

மனைவியும் ஓட்டினாள். இரண்டு சிக்னல் தாண்டியதும் ஓரங்கட்டினாள். “ஏங்க, இதுல நான் ஆபீஸ் போகணும்னா கால்வலிக்குத் தனியா இன்சூரன்ஸ் எடுக்கணும். நீங்க எந்த டர்போ வேணா போடுங்க, கிளட்ச் மட்டும் என்னக் கேக்காம வாங்காதீங்க.”

நண்பர் சிரித்தார். அவர் வீட்டில் தினசரி ஓட இன்னொரு வண்டி இருக்கிறது.

மார்ச் 10

மனைவி சொன்னதை இரவு முழுக்க யோசித்தேன். வரிசையையே மாற்றிவிடலாம் என்று படுகிறது. எல்லோரும் டர்போவை வாங்கிவிட்டு அதைத் தாங்கும் கிளட்ச்சைத் தேடுகிறார்கள். தெருவில் ஓட்டத் தகுந்த கிளட்ச் எவ்வளவு டார்க்கைத் தாங்கும் என்று முதலில் பார்த்து, அந்த எல்லைக்குள் டர்போவை அடக்கினால் என்ன?

கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது. அதற்குத் தெரிந்தது டார்க் மட்டும். அது எவ்வளவு டார்க்கைப் பிடித்து நிறுத்தும் என்பது நான்கே விஷயங்களின் பெருக்கல்: பிரஷர் பிளேட் அமுக்கும் விசை, லைனிங்கின் உராய்வு, பிளேட்டின் ஆரம், உரசும் முகங்களின் எண்ணிக்கை. ஆரத்தை நம் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, இந்த 1.8இன் பிளைவீலில் 215 மில்லிமீட்டர் பிளேட்தான் உட்காரும். முகங்களைக் கூட்டினால் இரட்டைப் பிளேட். நல்ல பொருள்தான், விலை என் சக்திக்கு மேல். உராய்வைக் கூட்டினால் நண்பர் வண்டியின் முட்டல். மிஞ்சுவது அமுக்கும் விசை. அதைக் கூட்டினால் பெடல் கனக்கும்.

பெடல் கனத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் அந்த விசை கிராங்க் ஷாஃப்டை முன்பக்கமாகத் தள்ளுகிறது; அதைத் தாங்குவது மெல்லிய திரஸ்ட் பேரிங். இந்த ஊர் வண்டியில் கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட்டே ஆகும். எண்ணெய் அழுத்தம் ஏறாத அந்த முதல் விநாடியில்தான் தள்ளல் முழுதாக விழுகிறது. ஆகவே கனமான பெடல் காலை மட்டும் தேய்ப்பதில்லை.

என் முடிவு: வழக்கமான ஆர்கானிக் லைனிங், நடுவில் ஸ்பிரிங் வைத்த பிளேட், கம்பெனிக் கிளட்ச்சைவிடக் கொஞ்சம் மட்டும் கடினமான பிரஷர் பிளேட். பிளைவீலும் பழைய எடையிலேயே இருக்கட்டும். இலேசான பிளைவீல் போட்டால் இன்ஜின் துள்ளும் என்பது உண்மைதான். ஐ-25 நெரிசலில் அடிக்கடி அணைந்தும் போகும்.

மார்ச் 16

இன்று போட்ட கணக்கு இந்த நாட்குறிப்பிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன்.

பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம், 8 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். டென்வரில் 12.1 உடன் 8 சேர்ந்து 20.1. இன்ஜினுக்குள் போகும் காற்று, கடல்மட்டத்தில் வெறும் ஐந்தரை பிஎஸ்ஐ பூஸ்ட் கொடுத்ததற்குச் சமம். டார்க் தோராயமாக 220 நியூட்டன் மீட்டர் வரும். மாஸ்டாவே 2004, 2005 மாடல்களில் மாஸ்டாஸ்பீட் என்ற பெயரில் விற்ற டர்போ மியாட்டாவின் டார்க் 225. கம்பெனியே நம்பி விற்ற அளவு என்பதால் எனக்கு நிம்மதி.

ஆனால் கோடையில் அக்கா வீட்டுக்குக் கலிபோர்னியா போவோம். மிஞ்சிய புகையை டர்போவுக்குள் போகாமல் திருப்பிவிடும் வால்வு வேஸ்ட்கேட்; அதன் ஸ்பிரிங் ஒரு பக்கம் பூஸ்ட்டையும் மறுபக்கம் வெளிக்காற்றையும் வைத்துத்தான் திறக்கிறது. அதற்கு ‘வெளியே இருப்பதைவிட 8 அதிகம்’ என்பது மட்டுமே கணக்கு. கடற்கரையில் அது 14.7 உடன் 8, மொத்தம் 22.7. நான் எதையும் தொடாமலே டார்க் எட்டில் ஒரு பங்கு ஏறி 250ஐத் தொடும். டென்வர் டார்க்குக்கு அளவெடுத்து வாங்கும் கிளட்ச், கீழே இறங்கியதும் ஐந்தாம் கியரில் வழுக்கும். வழுக்கல் எப்போதும் மேல் கியரில்தான் முதலில் தெரியும்: வேகம் ஏறாது, இன்ஜின் சுற்று மட்டும் ஏறும். இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் இதே பேச்சு. அழுத்தத்தை வெற்றிடத்திலிருந்து அளக்கும் சென்சார் இருந்தால் பெட்ரோலைத் தானே கூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் காற்று மிஞ்சி இன்ஜின் தட்டும்.

டர்போவின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை தலைகீழ். அதே 8 பிஎஸ்ஐக்கு டென்வரில் அது காற்றை 1.66 மடங்காக அழுத்த வேண்டும், கடல்மட்டத்தில் 1.54 போதும். மலையில் டர்போவுக்கு உழைப்பு அதிகம், காற்றும் அதிகம் சூடாகும். ஆகவே அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

மார்ச் 23

ஊரில் பெயர்பெற்ற ஒரு டியூனிங் கடைக்குப் போனேன். நான் பேச ஆரம்பிக்குமுன்பே கடைக்காரர் பெரிய டர்போவையும் ஆறு துண்டுக் கிளட்ச்சையும் எழுதிவைத்துவிட்டார். “நாளைக்கு இன்னும் சக்தி வேணும்னு வருவீங்க, இப்பவே போட்டுடுங்க” என்றார். வண்டியை யார் ஓட்டுகிறார்கள், எந்தச் சாலையில் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வந்துவிட்டேன்.

அவர் சொல்லாமல் விட்டது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. இந்த இன்ஜினின் ராடுகள் சக்கரத்தில் 250 குதிரைக்கு மேல் போனால் வளையும் என்பது மியாட்டாக்காரர்களின் பொதுக்கருத்து. வளைப்பது மேல் சுற்றில் வரும் குதிரைத்திறன்கூட அல்ல. கீழ்ச் சுற்றில் திடீரென்று குவியும் டார்க். சிறிய டர்போ சீக்கிரம் எழுவதில் உள்ள ஒரே ஆபத்து இது. ஐந்து கியர் பெட்டியும் அந்த இடியை விரும்பாது. ஆகவே வேஸ்ட்கேட்டில் 8ஐவிட இலேசான ஸ்பிரிங் இருக்கட்டும்; 3,000 முதல் 4,000 சுற்று வரை எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் அழுத்தத்தை மெல்ல 8க்கு ஏற்றட்டும். கிளட்ச்சுக்கு நல்லது, ராடுக்கும் நல்லது.

மார்ச் 24

அக்கா போனில் கேட்டாள், “இங்கயே வேலை மாத்திக்கிட்டு வந்துட்டா வண்டிய என்ன பண்ணுவ?” நியாயமான கேள்வி. கலிபோர்னியாவில் பதிவு செய்வதென்றால் டர்போ கிட்டுக்குக் காற்றுவள வாரியத்தின் ஆணை எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புகைச் சோதனையில் கண்ணால் பார்த்தே தள்ளிவிடுவார்கள். இங்கேயும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொல்லும் கிட் எதையும் வாங்குவதாக இல்லை.

ஏப்ரல் 13

கிட் வந்தது: 2560, இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர்கள், தனிக் கம்ப்யூட்டர். கிளட்ச் வேறொரு பெட்டியில். தெரிந்த மெக்கானிக் ஒருவரின் கராஜில் வேலை.

இன்று பார்த்ததில் மனதில் நிற்பது எண்ணெய்க் குழாய். டர்போவுக்குள் போகும் எண்ணெய் அழுத்தத்தில் போகும். திரும்புவது வெறும் புவியீர்ப்பில். அதற்கு ஆயில் பேனின் பக்கவாட்டில், எண்ணெய் மட்டத்துக்கு மேலே ஒரு ஓட்டை போட வேண்டும். இன்ஜினைக் கழற்றாமலே போட்டார். டிரில் முனையில் கிரீஸை அப்பி, நாலு சுற்று சுற்றி வெளியே எடுத்து, கிரீஸில் ஒட்டிய அலுமினியத் துருவலைத் துணியில் துடைத்து, மறுபடி கிரீஸ். பிறகு மரை வெட்டும்போதும் அதே பொறுமை. கடைசியில் மலிவான எண்ணெய் ஒரு டப்பாவை ஊற்றிக் கீழே வடியவிட்டு, அதில் காந்தம் பிடிக்காத மினுமினுப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். இவரிடம் வண்டியை விடலாம் என்று அப்போதுதான் எனக்கு முழுத் தைரியம் வந்தது.

டர்போவை மேனிஃபோல்டில் பிடிக்கும் ஸ்டட்கள் இன்கோனெல் உலோகம். சாதாரண இரும்பு அந்தச் சூட்டில் நீண்டு தளர்ந்துவிடும். மியாட்டா டர்போக்களுக்கு இது பழைய வியாதி.

ஏப்ரல் 20

கியர் பெட்டி கீழே. பழைய பிளேட் ரிவெட் வரை தேய்ந்திருந்தது; டர்போ இல்லாவிட்டாலும் இந்த வருடம் மாற்ற வேண்டியதுதான். பெட்டி இறங்கிய கையோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் எல்லாம் புதிது. சாமான் விலை கொஞ்சம்தான், கூலிதான் அதிகம். இரண்டாம் முறை பெட்டியை இறக்க யாருக்கு மனம் வரும்? ஸ்லேவ் சிலிண்டரையும் மாற்றச் சொன்னேன். கனமான பெடல் பழைய ரப்பர் சீலைச் சீக்கிரம் கிழிக்கும்.

ஏப்ரல் 27

மனைவிதான் முதலில் ஓட்டினாள். ஐ-25, சாயங்கால நெரிசல். இறங்கியதும், “கொஞ்சம் கனம்தான். ஆனா பழகிடும்” என்றாள். மெக்கானிக்கின் உத்தரவு: முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்ட வேண்டும், பூஸ்ட் கூடாது, லைனிங்கும் பிளைவீலும் ஒன்றோடொன்று படியட்டும். கன்ட்ரோலர் அதுவரை அணைந்தே இருக்கும், ஆக்சிலரேட்டரையும் மெல்லத்தான் மிதிக்க வேண்டும்.

மலையூரில் இருந்துகொண்டு டர்போ போட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிளட்ச்சுக்குக் கடல்மட்டத்து டார்க்கைக் கணக்கிடுங்கள், இன்டர்கூலருக்கு உங்கள் ஊர்க் காற்றழுத்தத்தை. இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.