காஜா எடுத்த வார்

எச்.எம்.டி. கடிகாரங்கள் சேர்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. 2016இல் மத்திய அரசு அந்த வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்த பிறகு அவருக்குப் பித்து இன்னும் முற்றிவிட்டது. அன்றைக்குக் கையில் கட்டியிருந்தது, படையினருக்காக வந்த 'ஜவான்'. என் கண்ணில் பட்டதோ அதன் வார். சாயம் போன பச்சைக் கித்தான், நுனியில் பாதி அழிந்த அம்புக்குறி முத்திரை. பழைய மிலிட்டரிப் பையை வெட்டித் தைத்தது என்றார். பல்லாவரத்தில் ஒரு டெய்லர் மாஸ்டர் வீட்டிலேயே செய்கிறாராம். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனார்.

பக்கத்துப் பரங்கிமலையில் 1963 முதல் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகம் நடக்கிறது. அங்கே வந்துபோகிற பையன்களின் உடுப்பைப் பிடித்துத் தைப்பதும், பட்டன் மாற்றுவதும், பேன்ட் நீளம் குறைப்பதும்தான் மாஸ்டரின் பிழைப்பாக இருந்தது. இப்போது வயது எழுபதைத் தொடுகிறது. கடையை மகனிடம் விட்டுவிட்டு, முன்னறையில் ஒரு மிஷினோடு உட்கார்ந்திருக்கிறார். வார் தைப்பது ஓய்வுக்காலத்துக்கு வந்து சேர்ந்த வேலை. ஒரு பயிற்சி அதிகாரி தன் தாத்தாவின் கிட் பேகைக் கொண்டுவந்து, "மாஸ்டர், இதுல வாட்ச் ஸ்ட்ராப் பண்ண முடியுமா?" என்று கேட்டதில் ஆரம்பித்ததாம்.

துணி வருவது பெரும்பாலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து. ராணுவத்தில் ஆயுள் முடிந்த சாமானைக் கண்டம் செய்து ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர்களிடமிருந்து கைமாறிக் கைமாறி, ஓடாத மிக்ஸிக்கும் கூண்டுப் புறாவுக்கும் நடுவே அது தரையில் வந்து விழும். முதுகில் சுமக்கிற 'பிட்டு' பை, தண்ணீர் பாட்டில் உறை, கூடாரத்தின் கிழிந்த மடல். "புள்ளி போட்ட சட்டைத் துணிய நான் தொடறதே இல்ல தம்பி. கேஸாயிடும். கித்தான் மட்டும்தான்" என்றார். எச்சரிக்கை நியாயமானதுதான். 2022இல் ராணுவம் கொண்டுவந்த புதிய போர் உடுப்பின் அச்சுக்கு உரிமை பதிவாகியிருக்கிறது. கண்டவர்கள் அதைத் தைத்து விற்க முடியாது.

துணியை ஊறவைப்பது, சோடா போடுவது, எத்தனை வெயில் காயவேண்டும் என்பதையெல்லாம் விரிவாகச் சொன்னார். என் மனம் அதில் நிற்கவில்லை. தடிமன் விவகாரம் மட்டும் நன்றாகப் புரிந்தது. கித்தானை வெட்டினால் விளிம்பில் நூல் பிரியும். பிரியாமலிருக்க உள்ளே மடிக்க வேண்டும். மடித்தால் மூன்று அடுக்காகித் தடித்துவிடும். வாட்சுக்கும் அதன் ஸ்பிரிங் பின்னுக்கும் இடையில் இருப்பதோ இரண்டு மில்லிமீட்டர் சந்து. ஆகவே பின் வருகிற இடத்தில் மட்டும் உள்ளடுக்கை பிளேடால் வழித்து எடுக்கிறார். ஒரு இழை அதிகம் வழித்தால் வார் அங்கேயே அறுந்து, வாட்ச் ரோட்டில் கிடக்கும்.

இந்தப் பயம் பழையது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973இல் வாருக்கென்றே ஒரு விவரக்குறிப்பு போட்டது. சாம்பல் நிற நைலான், 20 மி.மீ. அகலம்; ஒரு பின் தெறித்தாலும் வாட்ச் மறு பின்னில் தொங்கும்படி ஒரே நீளமாக அடியில் நுழைந்து வரும். பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களோ டியூடர் கடிகாரத்தை வாரில்லாமல் வாங்கி, பாராசூட்டின் எலாஸ்டிக் பட்டையை வெட்டித் தாங்களே கட்டிக்கொண்டார்கள். இன்றைக்குக் காசுள்ளவர்கள் தேடிப்பிடித்து வாங்குகிற சமாசாரம், அன்றைக்குக் கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்த வேலை.

மாஸ்டரின் கை எங்கே தெரிகிறதென்றால், ஓட்டையில். பதினொரு வயதில், பட்டன் ஓட்டைக்கு விளிம்பு தைக்கிற காஜா பையனாக ஒரு கடையில் சேர்ந்தவர் அவர். மூன்று வருஷம் வெட்டத் தொடவிடவில்லை, மிஷினில் உட்காரவிடவில்லை. காலையிலிருந்து இரவு வரை காஜா மட்டும். அந்தக் கையைத்தான் இப்போது வாரில் வைக்கிறார். பஞ்ச் வைத்து அடித்தால் இழைகள் வெட்டுப்பட்டு, பக்கிள் நாக்கு இழுக்க இழுக்க ஓட்டை கிழிசலாகிவிடும். இவர் குத்தூசியைச் செருகி மெல்லத் திருகுகிறார். இழை எதுவும் அறாமல் விலகி வழிவிடுகிறது. பிறகு தேன்மெழுகில் இழுத்த நூலால் விளிம்பைச் சுற்றிக் காஜா. ஒவ்வொரு தையலும் ஊசியில் ஒரு சுற்று வாங்கி, விளிம்பில் முடிச்சாக இறுகுகிறது. முடித்ததும் கட்டைவிரல் நகத்தால் சுற்றிலும் அழுத்திப் பார்க்கிறார். எறும்புகள் வரிசையாகத் தலைகோத்து நிற்பதுபோல இருக்கிறது. ஒரு வாருக்கு இப்படி ஏழு. பச்சைத் துணியில் பச்சை நூல் என்பதால் விளக்கு வெளிச்சத்தில் இந்த வேலை ஆகாது, பகலில் மட்டும்தான்.

இத்தனைக்கும் கிடைப்பது வாருக்கு 180 ரூபாய். எடுத்துப்போகிறவர் இணையத்தில் கடை வைத்திருக்கிறார். அங்கே விலை 1,990. கூடவே ஒரு அட்டை: 'போர்க்களம் கண்ட துணி'. அட்டையை மாஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். குலுங்கிச் சிரித்தார். "எந்தப் போர் தம்பி? ஸ்டோர்ல எலி கடிச்சுக் கண்டம் ஆனது இது!" அம்புக்குறி நுனியில் வரும்படி வெட்டச் சொல்வதும் அந்த வியாபாரிதான். அரசாங்கச் சொத்து என்று குத்த வெள்ளைக்காரன் கொண்டுவந்த அடையாளம் இப்போது விலையைத் தூக்குகிறது. துணியின் கிழட்டுத்தனத்துக்கு அட்டை அடித்து விற்கிறவர்கள், அதைத் தாங்கி நிறுத்துகிற கையைப் பற்றி ஒரு வரிகூட அச்சடிப்பதில்லை. கைவினை என்று வாய் கிழியப் பேசுகிறார்கள். யாருடைய கை என்று கேட்டால் பதில் வராது. வாங்குகிறவர்களும் கேட்பதில்லை, என் நண்பர் உட்பட. இதை அங்கேயே கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மாஸ்டர் அவ்வளவாக ரசிக்கவில்லை. "போட்டோ எடுக்கறான், கூரியர் போடறான், புடிக்கலன்னு திருப்பி அனுப்பினா அவன்தான் காசு குடுக்கறான். எங்கிட்ட அவன் ஒருநாளும் பாக்கி வச்சதில்ல. அத நீங்க செய்வீங்களா?" என்றார். நான் செய்ய மாட்டேன்.

ஆனால் அவருக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. போன மாதம், காஜாவுக்குத் தனியாக ஓட்டைக்குப் பத்து ரூபாய் கேட்டிருக்கிறார். ஓட்டையை யார் பார்க்கப் போகிறார்கள், பித்தளை ஐலெட் அடித்துவிடுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. ஐலெட் அடிக்கவும் முதலில் பஞ்ச் போட்டு இழையை வெட்டியாக வேண்டும். அதுவும் போக, வியர்வை பட்டுப் பித்தளை களிம்பு பிடித்தால் கித்தானில் கறை ஏறும். மாஸ்டர் மாட்டேன் என்றுவிட்டார். அதிலிருந்து ஆர்டர் வரவில்லை. தைத்து முடித்த பதினைந்து வார்கள் பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. நண்பர் அதில் மூன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, விலை கேட்டார்.

"இருநூத்தி அம்பது. காஜாவோட சேத்து" என்றார் மாஸ்டர்.