கோவில் வேனுக்கு வெல்டிங் வைக்கும் தம்பிகள் கவனத்துக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. வீட்டுல காடி வேலை பார்க்குற பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கும் அனுப்புங்க.

நம்ம கோவில் வேன்ல அன்னதானச் சாமான், பால்குடம், இளநீர், ஐஸ் பெட்டி, ஈர வாழையிலை எல்லாம் போகுது. பாட்டிமார்களும் தேவார வகுப்புப் பிள்ளைகளும் அதே வேன்லதான் போறாங்க. இப்போ கதவுக்குக் கீழே துரு தின்னு ஓட்டை விழுந்துடுச்சு. "நாங்களே வெல்டிங் பண்ணிடுறோம் அண்ணே, பட்டறைக் காசு மிச்சம்"னு நம்ம இளைஞர்கள் முன்வந்தாங்க. ரொம்ப சந்தோஷம். நான் 20 வருஷத்துக்கு மேல தகர ஃபேக்டரியில சூப்பர்வைசர். அவங்களுக்குச் சொன்னதை உங்க எல்லாருக்கும் எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் கதவுக்குக் கீழே ஓடுற பாகம் வெறும் தகரம் இல்லை. ரெண்டு மூணு தகரத்தை மடிச்சுச் சேர்த்த பெட்டி. உள்ளே வெற்றிடம். தனிச் சட்டம் இல்லாத வண்டிகளுக்கு அதுதான் முதுகெலும்பு மாதிரி. பக்கத்துல இன்னொரு காடி வந்து இடிச்சா உள்ளே இருக்குறவங்களைக் காப்பாத்துறதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. துரு மேலேயே பட்டி பூசி சாயம் அடிச்சா பார்க்க அழகா இருக்கும், பலம் இருக்காது. நல்ல இரும்பு தெரியுற வரைக்கும் வெட்டி எடுத்துட்டுத்தான் புதுத் தகரம் வைக்கணும்.

அடுத்தது தீ. வெல்டிங் பண்ணுறவன் முகமூடிக்குள்ளே ஒரு புள்ளியைத்தான் பார்க்கிறான். தகரத்துக்கு அந்தப் பக்கம் கம்பளம், சீட்டு பஞ்சு, ஒயர், பெட்ரோல் குழாய் இருக்கும். அதனால உள்ளே இருக்குறதைக் கழட்டாம வேலையைத் தொடங்கக் கூடாது. பெட்ரோல் டேங்க் பக்கத்துல இருந்தா அதை இறக்கி வெளியே தூரமா வைக்கணும். காலி டேங்க்தானேன்னு நினைக்காதீங்க, காலி டேங்க்ல இருக்குற ஆவிதான் வெடிக்கும். பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டணும். எர்த் கிளிப்பை ஒட்டுற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டணும். தீயணைப்பானோட ஒருத்தர் மறுபக்கம் நிக்கணும். அவருக்கு வேற வேலை கொடுக்கக் கூடாது. வேலை முடிஞ்சும் ஒரு மணி நேரம் யாராவது பக்கத்துல இருக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பட்டறையில சாப்பிடப் போன நேரத்துலதான் கம்பளம் புகைய ஆரம்பிச்சது.

மூணாவது புகை. காடித் தகரம் நிறையதுல துத்தநாகப் பூச்சு இருக்கும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிச்சு ஆவியாயிடும். இரும்பு உருக 1500 டிகிரி கிட்ட வேணும். அப்போ நாம ஒட்டுற சூட்டுல பூச்சு வெள்ளைப் புகையாத்தான் போகும். அதைச் சுவாசிச்சா சில மணி நேரம் கழிச்சு, பெரும்பாலும் ராத்திரியில, குளிர், காய்ச்சல், உடம்பு வலி வரும். எங்க ஃபேக்டரிப் பையன் ஒருத்தனுக்கு அப்படி வந்தப்போ டெங்கின்னு நினைச்சு அவன் அம்மா பயந்துட்டாங்க. பொதுவா ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும். ஆனா நம்ம ஊர்ல காய்ச்சல்னா கிளினிக் போங்க, வெல்டிங் பண்ணினதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. பால் குடிச்சா போயிடும்னு சொல்லுவாங்க. புகை போறது நுரையீரலுக்கு, பால் போறது வயித்துக்கு. ஒட்டுற இடத்துல பூச்சைத் தேய்ச்சு எடுங்க, வெல்டிங் புகைக்குன்னு உள்ள வடிகட்டி மாஸ்க் போடுங்க, காத்தோட்டமா இருங்க. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை வெச்சு மட்டும் துடைக்காதீங்க. அது சூடு பட்டா உயிரைக் கொல்லுற விஷவாயு ஆகும்.

இப்போ முக்கியமான விஷயம். வெளியே எவ்வளவு அழகா ஒட்டினாலும், அதே சூட்டுல பெட்டிக்கு உள்பக்கத்துச் சாயமும் பூச்சும் எரிஞ்சு போயிருக்கும். உள்ளே வெறும் இரும்பு. நம்ம ஊர் ஈரப்பதம், மழை, மேலே சிந்துற பாலும் இளநீரும் போதும். துரு உள்ளேயிருந்து திரும்ப வரும். வெளியே கொப்பளம் தெரியுறப்போ பாதித் தகரம் போயிருக்கும்.

அதுக்கு வழி இதுதான். ரெண்டு தகரம் ஒண்ணு மேல ஒண்ணு படியுற இடத்துல துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமர் மெல்லிசா அடிங்க. சூட்டுல அதுவும் கொஞ்சம் எரியும், அதை மட்டும் நம்ப வேண்டாம். தகரம் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி, அதனால மிக் மெஷின்ல 0.6 மில்லிமீட்டர் கம்பி போட்டு, இங்கே ஒரு புள்ளி, தள்ளி ஒரு புள்ளின்னு ஆற விட்டு ஒட்டுங்க. ஒரே இழுப்பா இழுத்தா தகரம் கோணிக்கும், பூச்சும் அதிக தூரம் எரியும். பிறகு வெளியே பிரைமர், சீம் சீலர், சாயம். எல்லாம் காய்ஞ்சதுக்கு அப்புறம் கடைசியா, நீளமான குழாய் வெச்சு பெட்டிக்குள்ளே கேவிட்டி வேக்ஸ் அடிங்க. அந்த மெழுகு இடுக்குக்குள்ளே ஊர்ந்து போய் எரிஞ்ச இடத்தை மூடும். மெழுகு தீப்பிடிக்கும், அதனால அதுக்கப்புறம் அங்கே வெல்டிங் கிடையாது. கீழே இருக்குற தண்ணி வடியுற ஓட்டைகளை அடைச்சுடாதீங்க, கம்பி விட்டுப் பாருங்க. துரு மேல தார் பூசுறதும் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும்.

சீட் பெல்ட் மாட்டுற இடம், கதவுத் தூண், புது மாடல் காடிகள்ல வர்ற உயர்பலத் தகரம், இதெல்லாம் தெரிஞ்ச பட்டறைக்கே கொடுங்க. அங்கே காசு மிச்சம் பார்க்கக் கூடாது.

வேன் பக்கவாட்டுல பேர் எழுதி சாயம் அடிக்க உபயதாரர் உடனே கிடைப்பாங்க. உள்ளே அடிக்கிற மெழுகுக்கு உபயம் செய்யுறேன்னு யாரும் வர மாட்டாங்க, அது யார் கண்ணுக்கும் தெரியாது. கமிட்டிக்காரங்க கணக்குப் போடும்போதே அந்த ரெண்டு டின் மெழுகையும் சேர்த்து எழுதிடுங்க.

உங்க கோவில்ல வேன் இருந்தா இந்த வாரமே குனிஞ்சு கதவுக்குக் கீழே விரலால அழுத்திப் பாருங்க. அமுங்கினா சாயத்துக்கு ஆர்டர் கொடுக்குறதை நிறுத்தி வைங்க.