இரவுக் கடமையில் ஒரு மிஸ்ஸி

சென்ற மாரியில் என் தாயார் யாழ்ப்பாணத் தீவகற்பத்து அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் ஆறு நாள் கிடந்தபோது, கட்டில்கள் நிறைந்து தரையிலும் பாய் விரித்திருந்த அந்த விடுதியில், சேலைன் போத்தல் முடியுந்தறுவாயில் நான் அழைக்க, "கொஞ்சம் பொறுங்கோ அக்கா, இந்தா வாறன்" என்றபடியே, மூச்சுத் திணறிய வேறொரு மூதாட்டியின் முதுகைத் தாங்கி நிமிர்த்திக்கொண்டிருந்த தாதியான மிஸ்ஸியின் முகம் என் மனத்தை விட்டு அகலவில்லை. விடியற்காலையில், வெளிநாடு செல்ல விண்ணப்பித்திருப்பதாக, ஏதோ அபராதத்தை ஒப்புக்கொள்பவர்போல மெல்லச் சொன்னார்.

அவரை எங்ஙனம் குறைகூறுவது? 2022ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்புச் சரிந்து, பால்மாவும் பஸ் கட்டணமும் எட்டாத உயரத்துக்கு ஏறிய வேளையில், அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற லீவில் கடல்கடந்து உழைக்கலாமென்று அரசாங்கமே சுற்றறிக்கை விடுத்தது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் மேலதிக நேரக் கொடுப்பனவில் கைவைத்தபோது தாதியர் வீதிக்கு இறங்கினர்.

வேதனம் ஒன்றையே காரணமாக்குவதும் நியாயமன்று. 1987ஆம் ஆண்டு தீபாவளி தினத்தன்று இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளரோடு வைத்தியரும் தாதியரும் மாண்டனர். அதன் பின்னரும் நெடிய யுத்தகாலம் முழுவதும் நோயாளரைக் கைவிடாத பரம்பரை இது. துப்பாக்கிக்கு அஞ்சாத அந்தப் பரம்பரையை, ஒருவரே மூவரின் வேலையைச் சுமக்கும் இராக்கள் அல்லவா சோர்வடையச் செய்கின்றன!

"நான் போனால் இந்த வாட்டை ஆர் பாக்கிறது எண்டுதான் யோசிக்கிறன், அக்கா" என்றவர், அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றார்.