தாம்பரத்துப் பக்கம் ஒரு முக்குளிப்பான்

தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, வேளச்சேரி சாலையில் கிழக்கே போங்கள். சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், அப்புறம் பள்ளிக்கரணை. வழியெல்லாம் மாடி வீடுகளும் கடைகளும்தான். 'இங்கே பார்க்க என்ன இருக்கிறது?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். வீடுகளுக்குப் பின்னால் ஏரிகள் இருக்கின்றன. செம்பாக்கத்து ஏரி நிரம்பினால், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி தண்ணீர் இறங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து சேரும்.

ஐஸ்லாந்துக் கடற்கரையில் ஈடர் என்று ஒரு கடல் வாத்து உண்டு. கடலடிக்கு முங்கிச் சிப்பி தின்னும். தன் மார்புத் தூவியையே பிய்த்துக் கூட்டில் மெத்தை போடும். அந்தத் தூவியைச் சேகரித்து மனிதர்கள் ரஜாய் தைத்துக்கொள்கிறார்கள்! அது நம் பக்கம் வருவதில்லை. வராவிட்டால் போகட்டும். முங்குவதில் நம் ஏரியிலுள்ள முக்குளிப்பான் சளைத்ததல்ல.

பார்வைக்கு வாத்துக் குஞ்சு போலிருக்குமே தவிர, இது வாத்து இனமே அல்ல. கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருப்பதால் தரையில் நடை தள்ளாட்டம்தான். தண்ணீரிலோ அதே கால்கள் துடுப்பு! இறகுகளை அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டுச் சத்தமில்லாமல் அமிழும். நீங்கள் இங்கே பார்த்திருக்க, அது அங்கே தலை நீட்டும்.

குடித்தன சாமர்த்தியத்தைக் கேளுங்கள். தழைகளைக் குவித்து மிதக்கும் வீடு கட்டி, சம்பு, கோரைத் தண்டுகளோடு பிணைத்துவிடும். வெளியே கிளம்பும்போது முட்டைகளை ஈரத் தழையால் மூடிவிட்டுத்தான் போகும். காக்கைக்குத் தெரியக்கூடாதல்லவா? வெள்ளை முட்டைகள் அந்தத் தழைக்கறை படிந்து பழுப்பாகிவிடும். பொரித்த குஞ்சுகளுக்கு உடம்பெல்லாம் வரி. அம்மா முதுகிலேயே சவாரி!

ஏரியைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆகாயத் தாமரையை வாரட்டும், நல்லதுதான். சாக்கடையைத் தடுக்கட்டும், அதைவிட நல்லது. ஆனால் கோரையையும் சேர்த்துச் சிரைத்துச் சுற்றிலும் சிமெண்டுக் கரை போட்டால், வீட்டை எதில் கட்டி வைப்பது? பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது; சுமார் 1,247 ஹெக்டேர். அதே சதுப்பில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் எழுந்தது! செம்பாக்கம் போன்ற சிற்றேரிகளுக்கு அந்தப் பட்டியல் பாதுகாப்பும் இல்லை. அங்கே கேட்க வேண்டியவர்கள் கரையோரம் குடியிருக்கும் நீங்கள்தான்.

போவதானால் வெயில் ஏறுமுன் போங்கள். கோரை நடுவே அழுகிய தழைக் குவியல் தெரிந்தால் குழந்தைகளைக் கல் எறிய விடாதீர்கள். தள்ளி நின்று கொஞ்சம் காத்திருங்கள். வீட்டுக்காரி பக்கத்தில்தான் எங்கேயோ முங்கியிருப்பாள்.