இல்லத்துத் திருவலகு

உயிர் உடம்பிலே குடியிருக்கின்றது. உடம்பு இல்லத்திலே குடியிருக்கின்றது. உடம்பினைப் பேணும் நெறிகளை நம் பெரியோர் பலபட விரித்துரைத்துள்ளனர். அவ்வுடம்பு நாடோறும் உண்டு உறங்கி எழும் இல்லத்தைப் பேணுதலையோ, உலகியற் செய்தியென்றும் பெண்டிர் வேலையென்றும் எண்ணிச் சைவ நன்மக்களிற் பலர் சிந்தியாது விடுகின்றனர். பெருக்கி மெழுகிப் பொருள்களை அவ்வவற்றிற்குரிய இடத்தில் வைத்த அறையுட் புகும்போது நெஞ்சு தெளிவதும், குப்பையும் கூளமுமாய்க் கிடக்கும் அறையுட் புகும்போது கைகால் சோர்வதும் எல்லார்க்கும் உள்ள அநுபவமாம். இதற்குக் காரணம் யாது என்பதையும், நம் சமயம் இதற்கு எவ்விடம் தந்துள்ளது என்பதையும் என் சிற்றறிவிற்கு எட்டியவாறு ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

சைவ நன்னெறி சரியை, கிரியை, யோகம், ஞானம் என நாற்படித்தாய் நிற்பது அன்பர்கள் அறிந்ததே. அவற்றுள் முதற்படியாகிய சரியையை, சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் விளக்கப் புகுந்த அருணந்தி சிவாசாரியார், மலர் கொய்தல், மாலை தொடுத்தல், இறைவன் புகழ் பாடுதல், விளக்கேற்றுதல் முதலிய எல்லாவற்றிற்கும் முன்னதாகத் திருக்கோயிலை அலகிடுதலையும் மெழுகுதலையும் வைத்து ஓதினார். இவ்வைப்புமுறை தற்செயலாய் நேர்ந்ததன்று. திருவதிகையிலே சூலைநோயால் வருந்தி வந்த தம்பியாரைத் திலகவதியம்மையார் வைகறையில் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றபொழுது, அம்மையார் கையில் இருந்தவை திருவலகும் திருமெழுக்கும் தோண்டியுமே எனச் சேக்கிழார் பெருமான் குறித்தருளினார். நாவுக்கரசரின் முதற்பதிகம் பிறந்தது அந்தக் காலைப்பொழுதில். பாட்டிற்கு முன்னே துடைப்பம் கோயிலுட் புகுந்தது.

"அது கோயில், இது வீடாயிற்றே" எனின், கூறுதும். ஆன்மார்த்த பூசை செய்வார்க்கு விதித்த ஐவகைச் சுத்திகளுள் தானசுத்தியும் ஒன்று. மந்திரத்தால் இடத்தைத் தூய்மை செய்யும் அவ்விதி, கையால் முன்பே பெருக்கப்பட்ட இடத்தைக் கருதியே எழுந்தது. பூசையுடைய வீடு இறைவன் எழுந்தருளும் இடம். அடியார்க்கு அன்னம் இடும் வீடு அடியாருட் கலந்த இறைவன் அமுது கொள்ளும் இடம். ஆகலின், அவ்வீட்டைத் தூய்மையாக வைத்தல் சரியைத் தொண்டின் ஓர் உறுப்பேயாம்.

இவ்வுண்மையை யான் முதன்முதல் கண்டது நூலில் அன்று. என் அம்மாயியாரின் வீட்டிலாம். தாயைப் பெற்ற பாட்டியாரைக் கொங்கு நாட்டில் அம்மாயி என்போம். அவர் வாழ்ந்தது பேரூருக்கு அணித்தாய் நொய்யற் கரையை ஒட்டிய ஒரு சிற்றூர். தொட்டிக்கட்டு வீடு, முன்னே ஆசாரம், மேலே அட்டாலி, பக்கத்தில் கட்டுத்தரை. விடியுமுன் ஈர்க்குச் சீமாற்றால் வாசல் கூட்டிச் சாணநீர் தெளித்துக் கோலமிட்ட பின்னரே அவர் நீராடி விளக்கேற்றுவார். அரிவாள், கயிறு, படி, முறம் ஒவ்வொன்றிற்கும் வீட்டில் ஓரிடம் உண்டு. இருளிலும் கைநீட்டி எடுக்கலாம். "வெளக்கு வெக்கற எடத்துல வேண்டாதது இருக்கப்படாது கண்ணு" என்பார். அவர் எழுத்தறியாதவர். ஆயினும் பட்டிப்பெருமான் எழுந்தருளிய பேரூரிலே சாணத்தில் புழு நெளியாது என்னும் தலச்சிறப்பைச் சொல்லிச் சொல்லியே எங்களை வாசல் மெழுகச் செய்துவிடுவார்.

மார்கழி இறுதிநாளில் எங்கள் நாட்டிற் காப்புக்கட்டு நிகழும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி, வீட்டு இறப்பிலும் கட்டுத்தரையிலும் கிணற்றடியிலும் வயலிலும் செருகுவர். காப்புச் செருகுதற்கு முன் வீடு முழுதும் ஒழிக்கப்படும். அட்டாலியிலுள்ள அடுக்குப்பானைகள் வாசலுக்கு வரும். சுவர்க்குச் சுண்ணாம்பு ஏறும். ஆண்டு முழுதும் மூலையில் மறைந்தவை எல்லாம் வெயிலிற் கிடக்கும். இவற்றுள் எது வேண்டும், எது பிறர்க்கு உதவும், எது கழிக்கத்தக்கது என ஆராயும் நாள் அஃது. காப்பு என்ற சொல்லின் பொருளை அந்நாளிலேதான் யான் உணர்ந்தேன். ஒழித்துத் தூய்மை செய்யாத வீட்டிற்குக் காப்புக் கட்டுவார் இலர்.

இனி, தூய இடம் நெஞ்சிற்கு ஊக்கம் தருவது எங்ஙனம் எனின், அதற்கு விடை நம் சித்தாந்தத்திலேயே உளது. உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுவதுபோல, உயிரும் தான் சார்ந்த பொருளின் இயல்பை ஏற்று நிற்கும். கலைந்த பொருள்கள் நிறைந்த அறையில் இருப்பவனது மனம் அவற்றுள் ஒவ்வொன்றையும் சார்ந்து சார்ந்து சிதறுகின்றது. மடிக்காத துணி மடிக்கச் சொல்கின்றது. விடையெழுதாத கடிதம் எழுதச் சொல்கின்றது. தேடும் பொருள் கிட்டாது சினம் எழுகின்றது. உடம்பு ஒன்றும் செய்யாதிருப்பினும் உள்ளம் நாள் முழுதும் உழைத்துக் களைக்கின்றது. பொருள்கள் தத்தம் இடத்தில் அடங்கியபோது அழைப்புகள் ஓய்கின்றன; சிதறிய ஆற்றல் ஒருங்கு கூடுகின்றது.

திருவாரூரில் வாழ்ந்த தண்டியடிகளை நினைமின். பிறவியிலேயே கண்ணொளி இல்லாத அப்பெருந்தகையார், திருக்குளம் தூர்ந்து குறைதல் கண்டு அதனைக் கல்லத் துணிந்தார். கரையிலும் குளத்தினுள்ளும் கோல் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவியே சென்று மண்ணெடுத்தார். ஒழுங்கு ஒன்றே அவர்க்குக் கண்ணாயிற்று.

ஆயினும் இங்கே ஓர் இடறல் உண்டு. வீட்டை அழகுபடுத்துதலும் பற்றாகிவிடக் கூடுமன்றோ? கூடும். பிறர் வந்து வியத்தற்பொருட்டு அடுக்கிய வீடு தூய வீடு ஆகாது. அஃது 'யான், எனது' என்னும் செருக்கின் கடைவிரிப்பே. திருப்புகலூரில் நாவுக்கரசர் உழவாரத் தொண்டு செய்தபோது, அவர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் பருக்கைக் கற்களோடு கலந்து தோன்றின. அவர் பொன்னையும் கல்லையும் வேறு பிரித்திலர். உழவாரத்தில் ஏந்தி ஒருங்கே வாவியில் எறிந்தார். பணி இடத்தைத் தூய்மை செய்தல். அதற்கு வேண்டாதது பொன்னாயினும் குப்பையே. நம் வீடுகளின் குப்பையுட் பெரும்பகுதி இத்தகைய பொன்தான். விலை கொடுத்தோம் என்னும் ஒன்றே பற்றி, பயனற்ற பொருளைப் பல்லாண்டு சுமக்கின்றோம்.

ஆனால் எது குப்பை என்பது அயலார் அறுதியிட்டுச் சொல்லத்தக்கதன்று. எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர், கோவையில் நெடுங்காலம் தமிழாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர், தம் வாழ்க்கைத் துணைவியாரை இழந்தார். பின்னர் ஏழு திங்கள் அவ்வீட்டில் ஒரு பொருளும் இடம் பெயரவில்லை. நோயாளியின் கட்டில் கூடத்திலேயே கிடந்தது. மருந்துச் சீசாக்கள் தேவாரப் புத்தகங்களின்மேல் இருந்தன. பூசையறையில் செய்தித்தாட்கள் இடுப்பளவு உயர்ந்திருந்தன. "உட்கார எடமில்லைங்க, உட்கார்ந்தாலும் மனசு நிக்கறதில்லைங்க" என்றார். உணவும் குறைந்து, உறக்கமும் குறைந்து, அவர் தாமும் போய்விடுவாரோ என யாங்கள் அஞ்சிய காலம் அது.

"நாளைக்கு ஒரு மூலை மட்டும் பார்க்கலாமுங்க" என்று கூறி, மறுநாட் காலை சென்றேன். ஒரு நாளில் ஒரு மூலை. ஒரு நாழிகைக்கு மேல் இல்லை. முதல்நாள் புத்தகங்களின் மேலிருந்த சீசாக்கள் அகன்றன. மூன்றாம்நாள் செய்தித்தாட்கள் போயின. ஐந்தாம்நாள் அம்மையாரின் மூக்குக்கண்ணாடி ஒரு பெட்டியினடியிற் கிடைத்தது. உடைந்திருந்தது. யான் அதனைக் கழிப்பனவற்றோடு வைக்கப்போக, அவர் கைநீட்டி வாங்கி, "இது குப்பையில்லைங்க" என்றார். அவர் சொன்னதே சரி. அதனைத் துடைத்து ஒரு சிறு மரப்பெட்டியில் வைத்து விளக்கினருகே வைத்தோம். பயனற்றது என்பது வேறு, பொருளற்றது என்பது வேறு. இடமின்றிக் கிடந்த துயரம் தனக்கென ஓரிடம் பெற்றது என்றே அன்று எனக்குத் தோன்றிற்று.

அவர் துயரம் அதனோடு தீர்ந்தது எனச் சொல்லேன். ஆனால் அவ்வாரத்திலிருந்து அவர் தாமே பெருக்கித் தாமே விளக்கேற்றி, நாளைக்கு ஒரு பதிகம் ஓதலானார். பசி வந்தது, சிறிது உறக்கமும் வந்தது. ஓதுவதற்கு ஓரிடமும், எழுவதற்கு ஒரு காரணமும் அவர்க்குக் கிட்டின.

இல்லத்தூய்மை மனவமைதி அளவில் நிற்பதன்று, உயிர்காப்பும் ஆகும். 1896-ஆம் ஆண்டு பம்பாயிற் புகுந்த பிளேக்கு நோய் பின்னர்க் கோவையையும் விடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரம் அதனாற் பட்ட துன்பத்திற்குப் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரால் இன்றும் விளங்கும் கோயில்களே சான்று. எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகின்றது என 1898-இல் கராச்சியில் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் சீமோன் கண்டறிந்தார். எலி வாழ்வதற்கு வேண்டுவன இரண்டே: சிந்திய தானியமும் ஒருவரும் அசைக்காத மூலையும். ஆண்டிற்கு ஒருமுறையேனும் அட்டாலியை ஒழிக்கும் காப்புக்கட்டின் அருமை இங்கே புலனாகும்.

ஆயினும் ஒரு வீடு தனித்துத் தூயதாதல் இயலாது. பக்கத்து வீட்டு எலி நம் வீட்டிற்கு வரும். நம் வீட்டுக் கழிவு அடுத்த ஊரின் நீரில் சேரும். காஞ்சிமாநதி எனப் புராணம் போற்றும் நொய்யலே இதற்குச் சான்று. ஆடைக்கு நிறமூட்டிய சாயநீர் அவ்வாற்றிற் கலந்து, பாசனத்திற்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணையை நஞ்சு தேங்கும் இடமாக்கிற்று. உழவர் வழக்காடியதன் பயனாக, 2011-ஆம் ஆண்டு சனவரியிற் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ப் பகுதிச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நம் வாசலைக் கூட்டி அண்டை வாசலில் தள்ளுவது தூய்மை ஆகாது. அழுக்கிற்கு இடமாற்றம் செய்ததே ஆகும்.

இறுதியாக ஒன்று கூறுதல் வேண்டும். திருவலகு ஏந்திய திலகவதியாரையும் உழவாரம் தாங்கிய நாவுக்கரசரையும் கைகுவித்துத் தொழுகின்றோம். ஆனால் நம் வீட்டில் அதே அலகு எவர் கையில் இருக்கின்றது? ஆடவர் ஏடு விரித்துச் சரியையின் இலக்கணம் ஆராய்கின்றனர்; அச்சரியையைச் செய்பவர் அடுக்களையில் இருக்கின்றார். தெருவையும் சாக்கடையையும் தூய்மை செய்வாரையோ தொலைவில் நிறுத்துகின்றோம். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுத்துள்ளன. சட்டம் வந்த பின்னரும் கழிவுத் தொட்டிகளில் இறங்கி மனிதர் மடிகின்றனர். துடைப்பத்தைக் கோயிலினுள் தெய்வத் தொண்டென்றும், வெளியே இழிதொழிலென்றும் கூறுவது நாவுக்கரசரைத் தொழுவார்க்கு அடுக்குமா? வீடு தூயதாகிப் பெருக்கியவரை இழிவாக எண்ணும் நெஞ்சு மட்டும் தூயதாகாதிருப்பின், அங்கே ஆணவம் ஒரு மூலையும் அசையாது கிடக்கின்றது என்பதே பொருள்.

ஆகலின் அன்பர்கட்கு என் வேண்டுகோள் சிறிது. நாளைக்கு ஒரு நாழிகை, பூசைக்கு முன்னே, தம் கையாலேயே தம் இல்லத்தின் ஒரு பகுதியைப் பெருக்குக. உழைத்தவர் கையிலிருந்து ஒரு வேளையேனும் துடைப்பத்தை வாங்கிக்கொள்க. வேண்டாததை வேண்டுவார்க்குக் கொடுக்க. கழிப்பதைப் பிறர்க்குத் தீங்கின்றிக் கழிக்க. குனிந்து பெருக்குபவன் தலை தானே தாழ்கின்றது. தலை தாழ்ந்தவிடத்துத் திருவடி நினைவு எளிதிற் கூடும். தூசி நாளையும் வரும், நாளையும் அலகிடுக. மலம் நீங்குதற்கு இறைவன் நம் பிறவிதோறும் சலியாது செய்துவரும் பணிக்கு முன், நம் பணி எத்துணைச் சிறிது!

திருச்சிற்றம்பலம்.