தாய்மொழி தரும் பிழையும் துணையும்

புதிய மொழியொன்றைக் கற்கப் புகுவோர் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. தத்தம் தாய்மொழியின் இலக்கணத்தையும் உடன்கொண்டே வருகின்றனர். ஸ்பானிய மொழியினர் ஆங்கிலம் கற்கும்போது, தம் வயதைக் கூற ‘ஐ ஹேவ் ட்வென்டி இயர்ஸ்’ என்பதுண்டு. இருபது ஆண்டுகளை ‘உடையேன்’ என்று சொல்வதே அவர்கள் மொழியின் மரபு. சொற்கள் ஆங்கிலம், கட்டுமானமோ ஸ்பானியம்.

நம் மத்ரஸாக்களில் அரபு கற்கும் தமிழ்ப் பிள்ளைகளிடமும் இதனையே காண்கிறோம். தமிழில் ‘பெரிய வீடு’ என அடைமொழி முன்னே வரும். அரபியிலோ ‘பைத்துன் கபீருன்’ எனப் பின்னே வரும். மாணவன் ‘கபீருன் பைத்துன்’ என்கிறான். ‘ஆசிரியரின் நூல்’ என்பது அரபியில் ‘கிதாபுல் முஅல்லிமி’ என, நூல் முன்னும் ஆசிரியர் பின்னுமாக அமையும். அதையும் அவன் தமிழ் வரிசையிலேயே அடுக்குகிறான். கதிரவனுக்கு ஆண்பால், பெண்பால் காட்டும் வழக்கம் நம் அன்றாடப் பேச்சில் இல்லை. அரபியில் ‘ஷம்ஸ்’ பெண்பால். ஆகவே ‘அஷ்ஷம்ஸு தலஅத்’ என்று கூற வேண்டிய இடத்தில் ‘தலஅ’ என்று கூறிவிடுகிறான்.

இப்பிழைகளுக்காக ‘மந்தபுத்தி’ என்று ஏசப்பட்டு, நஹ்வுப் பாடத்தை அஞ்சி, ஓதலையே இடையில் விட்டுச் சென்ற பிள்ளைகள் உண்டு. இது பெருந்துயரம். அவர்கள் அறிவில் குறையில்லை. ஓர் ஒழுங்கை நன்கறிந்த உள்ளம், அதே ஒழுங்கைப் புதிய இடத்திலும் தேடியது, அவ்வளவே.

மேலும், இடறச் செய்யும் அதே தாய்மொழி கைகொடுத்தும் உதவுகிறது. ‘அவர் ஆசிரியர்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘இஸ்’ வேண்டும். தமிழிலும் அரபியிலும் வேண்டியதில்லை. ‘ஹுவ முஅல்லிமுன்’ என்றாலே போதும். ‘என்னிடம் நூல் உள்ளது’ என்னும் அமைப்புக்கு ‘இந்தீ கிதாபுன்’ எத்துணை நெருக்கம்! அரபு இலக்கணத்தார் பகுத்தறிவுள்ளவை, அல்லாதவை எனப் பிரிக்கும் ‘ஆகில்’, ‘கைரு ஆகில்’ பாகுபாடு, நம் உயர்திணை, அஃறிணைக்கு மிக அண்மையானது. அரபியில் அஃறிணைப் பன்மைக்கு ஒருமைப் பெண்பால் வரும்: ‘அல்குதுபு ஜதீததுன்’. பிற மொழியினர் இதனைக் கண்டு வியப்பர். ‘புத்தகங்கள் வந்துச்சு’ என்று வீட்டில் பேசும் நம் பிள்ளைக்கோ, பன்மைக்கு ஒருமை வருவது புதிதன்று. வேற்றுமை உருபுகளை அறிந்தவனுக்கு ‘ரஃபு’, ‘நஸ்பு’, ‘ஜர்ரு’ என்பனவும் முற்றிலும் அந்நியமல்ல.

எனவே உஸ்தாதுமார்கள் பிழையைக் கேட்டதும் பிரம்பைத் தேடாமல், அதன் வேரைத் தேட வேண்டும். இரு மொழித் தொடர்களையும் பலகையில் அருகருகே எழுதி, ஒத்துப்போவதையும் மாறுபடுவதையும் காட்டினால், மாணவன் தானே திருத்திக்கொள்வான். பெற்றோரும் ‘என் மகனுக்கு அரபு வராது’ என்று முடிவுகட்டிவிடலாகாது.

அரபு இலக்கணத்தின் தலையாய நூலை ஹிஜ்ரி 2-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஸீபவைஹி, பாரசீகத்தைச் சேர்ந்தவர். அந்நிய மொழியினர் ஒருவரே அம்மொழியின் பேராசானாக விளங்கினார் எனில், நம் பிள்ளைகளுக்கு மட்டும் அவ்வாசல் எப்படி அடைபடும்? மொழிகள் பலவாக இருப்பதும் இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றென ‘அர்ரூம்’ அத்தியாயம் உணர்த்துகிறது. அந்த அத்தாட்சியைத் தண்டனைக்குரிய குற்றமாக்கலாமா?

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளுக்குப் பயன்தரும் கல்வியை எளிதாக்கி வைப்பானாக! ஆமீன்.