கூழாங்கல்

மலேசியாவுல, காஜாங்ல வெளிய நல்ல மழை.
உள்ள 'கூழாங்கல்' படம் ஓடுது. தொண்டை வறண்டுபோச்சு.

மதுரைப் பக்கத்துப் பொட்டக்காடு.
கோவிச்சுட்டுப் போன பொண்டாட்டியக் கூட்டிவர, குடிகார அப்பன் பையனப் பள்ளிக்கூடத்துலேருந்து இழுத்துட்டுப் போறான்.
பஸ் காசைப் பையன் கிழிச்சுப் போடுறான்.
அப்புறம் அந்த வெயில்ல நடை, நடை...

1971ல வந்த ஆஸ்திரேலியப் படம் 'வேக் இன் ஃப்ரைட்'லயும் இதே வெக்கை, இதே குடி. அங்க சிதையறது ஒரு வாத்தியார்.
இங்க எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு வர்றது சின்னப் பையன். அதான் தாங்கல.

'கூழாங்கல்' இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜுக்கு முதல் படம். 2021ல ரோட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் விருது.

தோட்டத்துல சம்சு சாராயம் குடிச்சுட்டு வந்த அப்பாக்களைப் பார்த்து வளர்ந்தவங்க நம்மள்ல எத்தனை பேரு!
அந்தப் பையன் முகம் உங்களுக்கு யாரை ஞாபகப்படுத்துச்சு?